அம்மாவோடு போன சாவி

மருத்துவமனையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும் அறையில் நாள் முழுக்க நின்று, "நேரா நில்லுங்க, தாடைய இதுமேல வைங்க, மூச்ச இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, விடாதீங்க, ம், விட்டுடலாம்" என்று சொல்வது அவள் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் இதையே சொல்லிச் சொல்லி, சில நாள் காய்கறிக் கடையில் மீதிச் சில்லறைக்கு நிற்கும்போதுகூட "ம், விட்டுடலாம்" என்று வாயில் வந்துவிடும்.

அம்மா இறந்த வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அதே குரலில் அதே வாக்கியத்தைச் சொன்னாள். படங்கள் தெளிவாக வந்தன. "அழுதுடுங்க அக்கா, உள்ளயே போட்டுப் பூட்டி வச்சுக்காதீங்க" என்று பக்கத்து வார்டு நர்ஸ் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அழக்கூடாது என்று அக்கா ஒன்றும் சபதம் எடுக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கன்னம் தன்னுடையதுதான் என்று தெரியும். கிள்ளினால்தான் தெரியாது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகக்கூடாது என்று யாரும் தடுக்கவும் இல்லை. முதலில் அப்பா படுத்தார், பிறகு தம்பி படித்தான், பிறகு அம்மாவின் சிறுநீரகம் படுத்தது. நடுவில் வந்த ஒன்றிரண்டு வரன்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்கள். தம்பி வேறு ஊருக்குப் போய் அங்கேயே ஊன்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அம்மாவும் அவளும் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். ரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் பாதி நாள் அம்மாவைக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. வாடகைக் கார்க்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்தாலே முகத்தைச் சுளித்தார்கள். அதனால்தான், காரோட்டுவதைக் கனவிலும் நினைக்காத அக்கா, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளோடு வரிசையில் நின்று ஓட்டப் படித்து, போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினாள். சாம்பல் நிறச் சின்னக் கார்.

விற்றவர் ஒரு பெயிண்ட் கம்பெனிக் கிடங்கின் மேலாளர். நெட்டையான மனிதர். வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அம்மா மாடியிலிருந்து கீழே இறங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரை விசாரித்ததில் போலீஸ் விசாரணை தோற்றுவிடும்.

"நல்ல வண்டின்னா ஏன் விக்கிறீங்க? ஏதாவது கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்லம்மா. எனக்கு ஆபீஸ்லயே வண்டி குடுத்துட்டாங்க. ரெண்ட வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"சாவி ஒண்ணுதானா?"

"இன்னொண்ணு இருந்துச்சு. எங்க போச்சுன்னு தெரியல. கிடைச்சா கொண்டுவந்து குடுத்துடறேன்."

"சாவியத் தொலைக்கிற ஆளு வண்டிய எப்படி வச்சிருப்பாரோ" என்று அம்மா அவர் காதுபடவே சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த ஒற்றைச் சாவியை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கிற, கறுப்பு பிளாஸ்டிக் சாவி. வண்டி நின்றதும் "குடு இங்க, நீ மறந்து எங்கயாவது வச்சிடுவ" என்று வாங்கி ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொள்வாள். மாடி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு எடுத்து ஆணியில் மாட்டச் சொல்வாள். கடைசித் தடவை வீட்டுக்கு வந்தபோது அதை எடுக்க மறந்துவிட்டாள். அன்றைக்கே மூச்சுத் திணறல் வந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அப்புறம் அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. அம்மாவை அனுப்பும் நேரத்தில் தம்பி, "ஸ்வெட்டரக் கழட்டிடலாமாக்கா?" என்று கேட்டான். "இருக்கட்டும், அவங்களுக்குக் குளிரும்" என்றாள் அக்கா.

சாவி எங்கே போனது என்பது அவளுக்கு ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் போனாள். அம்மா போனதிலிருந்தே பஸ்தான். கார் தெருவோரம் தூசி படிந்து நின்றது. யாரோ ஒரு பிள்ளை பின்கண்ணாடியில் விரலால் ஒரு பூனை வரைந்துவிட்டுப் போயிருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் கீழ் வீட்டில் இருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். ஆனால் சாவு விழுந்த வீட்டில் எப்படிப் பேசுவது என்று தெரியாமல், இரண்டு மாதமாக அக்காவைப் பார்த்தால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். ஒரு நாள் வேறு வழியில்லாமல் மாடிப்படியில் மறித்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. தண்ணிக் குழாய் பதிக்கத் தெருவத் தோண்டறாங்களாம். அடுத்த வாரம் ஆரம்பிக்கிறாங்க. வண்டிய எடுக்கலேன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். கொஞ்சம் நகத்தி வச்சிடும்மா."

"சரிங்க" என்றாள். நகர்த்த சாவி இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் கதை கேட்பார்.

கார் கம்பெனிக்கு போன் செய்தாள். தேன் குழைத்த குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

"புது சாவி செஞ்சு தர்றோம் மேடம். இப்ப இருக்கிற சாவிய மட்டும் கொண்டுவந்துடுங்க."

"இப்ப சாவியே இல்ல. அதனாலதான் கேக்கறேன்."

"அப்படின்னா வண்டிய மட்டும் இங்க கொண்டுவந்துடுங்க மேடம்."

"சாவி இல்லாம எப்படிக் கொண்டுவர்றது?"

அந்தப் பெண் அதே குரலில் சொன்னாள். "கட்டி இழுத்துட்டு வரலாம் மேடம். வெளிநாட்லேருந்து சாவி வர ஆறு வாரம் ஆகும்." அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டாள். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தக் குரலிலேயே பேசிக்காட்டுவாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இப்போது அது வெறும் தகவலாக இருந்தது.

மருத்துவமனை ஆம்புலன்ஸ் டிரைவர்தான் ஒரு சாவிக்காரரைச் சொல்லிவிட்டார். தொழிலில் அவருக்கு 'டூப்ளிகேட்' என்று பேர். "பேருதான் டூப்ளிகேட்டு, ஆளு ஒரிஜினல்" என்று டிரைவர் சிபாரிசு செய்தார். மறுநாள் காலையில் டூப்ளிகேட் ஒரு சின்ன வேனில் வந்து இறங்கினார். குள்ளமாக, உருண்டையாக, சட்டைப் பையில் மூன்று பேனாவும் ஒரு டார்ச்சும் வைத்துக்கொண்டிருந்தார். வண்டிக் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கேக்கணும் மேடம், கோவிச்சுக்காதீங்க. ஊர் அப்படி. பழைய சாவி எங்க?"

"எங்கம்மாகிட்ட இருக்கு."

"அட, அப்ப வாங்கிட்டு வந்துடுங்களேன்! வேலை பாதியா முடிஞ்சுடும். எங்க இருக்காங்க, தூரமா?"

"தூரந்தான். வாங்க முடியாது."

டூப்ளிகேட் அவள் முகத்தைப் பார்த்தார். அம்மா பெண் சண்டை என்று நினைத்தாரோ, வேறு என்ன நினைத்தாரோ, "சரி விடுங்க, நமக்கெதுக்கு" என்று பெட்டியைத் திறந்தார். காற்றடைத்த ஒரு சின்னப் பையைக் கதவிடுக்கில் சொருகி, நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு, இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார். பிறகு கதவுக் கைப்பிடியைக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு நாளா நிக்குதுன்னு சொன்னீங்க?"

"ரெண்டு மாசம்."

"வண்டி பூரா தூசி. இந்தக் கைப்பிடி மட்டும் பளபளன்னு இருக்கே."

அக்காவும் பார்த்தாள். ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடியில் மட்டும் தூசியே இல்லை. டூப்ளிகேட் உள்ளே ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. "என்னங்க இது, சீட்ட இவ்வளவு பின்னாடி தள்ளி வச்சிருக்கீங்க? எனக்கும் எட்டல, உங்களுக்கும் எட்டாது போலிருக்கே." பின்னால் பார்க்கும் கண்ணாடி மேலே தூக்கியிருந்தது. அக்காவின் உயரத்துக்கு அதில் கூரைதான் தெரியும். கதவுப் பையில் நாலாக மடித்த ஒரு துடைக்கிற துணி இருந்தது. அது அவளுடையதில்லை.

பக்கத்து இருக்கையில் அம்மாவின் முதுகுத் தலையணை இருந்தது. பூப்போட்ட உறை. அதைப் பார்த்தால் ஏதாவது ஆகும் என்று அவள் எதிர்பார்த்தாள். எதுவும் ஆகவில்லை. தலையணை, அவ்வளவுதான்.

டூப்ளிகேட் ஸ்டியரிங்குக்குக் கீழே தன் கருவியைச் சொருகினார். திரை உடனே விழித்துக்கொண்டது. "பேட்டரி கல்லு மாதிரி இருக்கு! ரெண்டு மாசம் நின்ன வண்டியில இது நடக்காதுங்க. யாரோ அப்பப்ப ஸ்டார்ட் பண்றாங்க." திரையைத் தட்டி எதையோ தேடினார். அவர் குரல் தானாகவே தணிந்தது. "மேடம், இந்த வண்டிக்கு ரெண்டு சாவி பதிவாயிருக்கு. ஒண்ணு உங்கம்மாகிட்ட. இன்னொண்ணு யார்கிட்ட?"

அக்கா யோசித்தாள். நெட்டையான மனிதர் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

"போலீசுக்குச் சொல்லுங்க" என்றார் டூப்ளிகேட். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. "நான் இருக்கும்போதே சொல்லுங்க. எனக்கே பக்குனு இருக்கு. தனியா இருக்கிற பொம்பள நீங்க." அவள் தனியாக இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டாள். பயம் வந்திருக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தாள். வரவில்லை.

"புது சாவி பதிஞ்சா அந்தச் சாவி வேலை செய்யுமா?"

"செய்யாது. எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் புதுசப் பதியணும். அதுக்கப்புறம் அது வெறும் பிளாஸ்டிக்."

"அப்ப பதிஞ்சுடுங்க."

"ரெண்டாப் பண்ணிக்கோங்க. இன்னொண்ண வீட்ல யாருகிட்டயாவது குடுத்து வைங்க. இந்த மாதிரி அவஸ்தை வராது பாருங்க."

"ஒண்ணு போதும்" என்றாள்.

மறுநாள் அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காத்திருக்கிறோம் என்றுகூட நினைக்கவில்லை. சும்மா உட்கார்ந்தாள். ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் போய்த் தெரு அடங்கிய நேரத்தில், முனையிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். தோளில் ஆபீஸ் பை. சட்டையை உள்ளே விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, நெட்டையாக. இரண்டு பக்கமும் பார்க்காமல், தன் வீட்டுக் கதவைத் திறக்கப் போகிறவர் மாதிரி காரிடம் வந்து பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அழுத்தினார். விளக்கு மினுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். சாவியைச் சட்டையில் தேய்த்து, வாயால் ஊதி, கையைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினார். பிறகு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார். வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளிபோல இருந்தது.

அக்கா வீட்டுச் செருப்போடு கீழே இறங்கிப் போனாள்.

"அது இனிமே தொறக்காது" என்றாள்.

அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது. "நான்... உங்ககிட்ட இந்தச் சாவியக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எவ்வளவு நாளா குடுக்க வர்றீங்க?"

பொய் சொல்ல இடமில்லாமல் போன முகம். "ரெண்டு மாசமா" என்றார்.

வாசல்படியிலேயே நின்று பேசினார்கள். கிடங்கை மூடிவிட்டார்கள் என்றார். கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கைமாறி, ஒரே நாளில் எல்லோரையும் அனுப்பிவிட்டார்களாம். வேலையோடு ஆபீஸ் வண்டியும் போனது. வீட்டில் சொல்லவில்லை. காலையில் டிபன் கட்டிக்கொண்டு கிளம்பி, "டிரைவர் மெயின் ரோட்ல நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாராம். பையைத் துழாவும்போது ஒரு நாள் தொலைந்துபோன அந்தச் சாவி கிடைத்தது. நேரம்தான் கொட்டிக் கிடக்கிறதே, கொடுத்துவிட்டு வரலாம் என்று உண்மையாகவே வந்தாராம். மாடியில் மணி அடித்தார். யாரும் இல்லை. திரும்பும்போது கார் கண்ணில் பட்டது. ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தார்.

"உள்ள என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். பார்க்ல உக்காந்தா தெரிஞ்சவங்க வந்துடறாங்க. லைப்ரரில கண்ண மூடினா எழுப்பிடறாங்க. வண்டில உக்காந்திருந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. யாருக்கோ காத்திருக்கிறவன்னு நெனச்சுக்குவாங்க. நாலு எடத்துக்கு போன் போட்டு வேலை கேப்பேன். டிபன் சாப்பிடுவேன். சாயந்திரம் போயிடுவேன்." காரைத் திரும்பிப் பார்த்தார். "பேட்டரி போயிடக் கூடாதுன்னு அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வச்சேன்."

"அந்தப் பக்கத்துச் சீட்ல..."

"உக்காரல" என்றார் அவசரமாக. "அங்க ஒரு தலகாணி இருக்குல்ல, அத நான் தொடல. ஒரு நாள் சரிஞ்சு கீழ விழுந்துச்சு. எடுத்து இருந்த மாதிரியே வச்சேன். அது மட்டுந்தான்." பிறகு, இத்தனை நேரம் கேட்காததை நினைத்துக் கூச்சப்பட்டவராக, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

"இறந்துட்டாங்க."

"எப்போ?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

அவர் காரைப் பார்த்தார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அய்யோ, தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. நீங்க வண்டிய எடுக்கிறதில்லன்னு மட்டுந்தான்..."

கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் தெருவே கூடும்படி கத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் உயரத்தைப் பார்த்தபோது அவளுக்குத் தோன்றியது வேறொன்று. மாடியில் அம்மாவின் சக்கர நாற்காலி இருக்கிறது. நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் ஒரு நிலையத்திலிருந்து வாங்கியது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி மூன்று தடவை போன் வந்துவிட்டது. இரண்டு மாடி தூக்கி இறக்க அவளால் முடியாது, அம்மா இருந்தபோது தூக்கித் தந்த ஆளைக் கூப்பிடவும் மனமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

"மேல ஒரு வீல்சேர் இருக்கு. கீழ எறக்கிக் குடுப்பீங்களா?"

அவர் ஆபீஸ் பையைப் படியில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேலே ஏறினார். நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் எங்கும் இடிக்காமல் இறக்கினார். கிடங்கில் வேலை பார்த்தவர் என்பது தெரிந்தது. குளியலறையில் போட்டிருந்த உயர நாற்காலியையும் கேட்காமலே கொண்டுவந்தார். அக்கா திறந்துவிட்ட காரின் பின்பக்கத்தில் இரண்டையும் அடுக்கினார்.

வீட்டுச் சொந்தக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "யாரும்மா, சொந்தக்காரரா?" என்று குரல் கொடுத்தார்.

"வண்டிக்காரர்" என்றாள் அக்கா. பொய்யும் இல்லை.

ஓட்டுநர் இருக்கையை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தாள். புதுச் சாவியைச் செருகினாள். கால் தானாகப் பெடலில் போய் நிற்கவில்லை. கடைசியாக ஓட்டியது அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது. மெதுவாப் போ, அந்த லாரிக்காரனுக்கு வழி விடு, அவன் பொண்டாட்டி பிரசவத்துக்குப் போறான் போல என்று பக்கத்தில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். அது இல்லாமல் எப்போது பிரேக் பிடிப்பது என்று தெரியவில்லை. இறங்கிவிட்டாள்.

"நீங்க ஓட்டுங்க."

அவள் பின் இருக்கையில் ஏறினாள். முன்னால் தலையணை இருந்தது. அவர் சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைச் சரி செய்து, சத்தமில்லாமல் வண்டியை எடுத்தார். பாதி வழியில் அவர் போன் அடித்தது. ஓரம் கட்டி எடுத்தார்.

"சொல்லு... இல்ல, மீட்டிங்ல இருக்கேன்... சாப்ட்டுக்கறேன்... சரி, வரும்போது வாங்கிட்டு வர்றேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் இரண்டு பேர் கண்ணும் சந்தித்துக்கொண்டன.

"மீட்டிங்தானே" என்றாள் அக்கா, முகத்தில் எதுவும் இல்லாமல்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு எங்கேயோ ஓர் இடத்தில் தடம் மாறி அழுகையாகிவிட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். அக்கா காத்திருந்தாள். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து முன்பக்கம் நீட்டினாள். மனிதர் எவ்வளவு சுலபமாக அழுகிறார் என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இரவல் நிலையத்தில் ஒரு பெண்மணி நாற்காலியின் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்து, தலையாட்டி, உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அங்கே அதே மாதிரி இன்னும் நிறைய நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கி நின்றன.

"வேற ஏதாவது வேணுமா? வாக்கர், ஊன்றுகோல்?"

"வேணாம்."

"பேஷன்ட் இப்ப நல்லா நடக்கறாங்களா?"

"ம்" என்றாள் அக்கா. பக்கத்தில் நின்ற நெட்டை மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வந்து காரை இரண்டு தெரு தள்ளி, மர நிழலில் நிறுத்தினார். பழைய சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மூலைகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. "மன்னிச்சுடுங்க" என்றார். "பரவால்ல" என்றாள், எதற்குப் பரவாயில்லை என்று யோசிக்காமலே. அவர் போகாமல் நின்றார். ஏதாவது சொல்வாள், திட்டவாவது செய்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

"நாளைக்கு அங்க வராதீங்க" என்றாள் அக்கா. "தெருவத் தோண்டறாங்க."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவள் மதிய வேலைக்கு பஸ் பிடிக்கப் போனாள்.

தெருவைத் தோண்டினார்கள், மூடினார்கள், சரியாக மூடவில்லை என்று மறுபடி தோண்டினார்கள். அக்கா ஒரு விடுமுறை நாளில் காலித் தெருக்களில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பிறகு காரிலேயே வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வேலையும் நாளும் பழையபடி ஓடிக்கொண்டிருந்தன. நெட்டை மனிதரை அவள் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தது. தம்பி என்று நினைத்து எடுத்தாள். ஒரு பெண் குரல். இளமையும் இல்லை, முதுமையும் இல்லை.

"நீங்க சாம்பல் கலர் கார் வச்சிருக்கிறவங்கதானே? எங்க வீட்டுக்காரர்தான் உங்களுக்கு வித்தார். அவர் போன்லேருந்து நம்பர் எடுத்தேன். அவருக்குத் தெரியாது."

"சொல்லுங்க."

"அவர் என்கிட்ட ஒரு கதை சொல்றார். வேலை போயிடுச்சாம். ரெண்டு மாசமா உங்க வண்டிலதான் உக்காந்திருந்தாராம். இது நிஜமா?"

"நிஜந்தான்."

"சும்மாவா? சும்மா உக்காந்திருந்தாரா?"

"ஆமா."

"தனியாவா?"

அவள் என்ன கேட்கிறாள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "தனியாத்தான்" என்றாள். "நான் அப்போ வேலைக்குப் போயிருப்பேன். எனக்கே தெரியாது. சாவிக்காரர் வந்து சொல்லித்தான் தெரியும். வேணும்னா அவர் நம்பர் தர்றேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் மடை உடைந்த மாதிரி பேசினாள். இப்போது ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்குப் பார்க்கப் போகிறாராம். பழைய வேலை அளவுக்கு இல்லை, இருந்தாலும் வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்காருகிறாராம். "தினமும் டிபன் கட்டிக் குடுத்தேங்க. 'இன்னிக்கு மீட்டிங் இருக்கா?'ன்னு வேற கேப்பேன், பைத்தியக்காரி மாதிரி. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் என்ன கடிச்சா முழுங்கிடப் போறேன்?"

"சொன்னா நிஜமாயிடும்னு இருந்திருக்கும்" என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"உங்கம்மா இறந்ததச் சொன்னார். எனக்குக் கேக்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தனியா இருக்கீங்க. யாரோ ஒரு ஆம்பள உங்க வண்டியத் தொறந்து தினமும் உக்காந்திருக்கான்னு தெரிஞ்சதும் உங்களுக்குப் பயமா இல்லையா? நானா இருந்தா நடுங்கியிருப்பேன்."

"இல்ல" என்றாள். "அப்போ எனக்கு ஒண்ணுமே தோணல."

"இப்போ?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அது வந்தது. அவள் நினைத்தே பார்க்காத நேரத்தில், உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆள். சாவி அவன் பாக்கெட்டில். அவள் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்று தெரிந்தவன். வேறு யாராவதாக இருந்திருந்தால்? நல்லவனாக இல்லாமல் இருந்திருந்தால்? அவனை வீட்டுக்குள் கூப்பிட்டாள். அவன் ஓட்ட, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்போ பயமா இருக்குங்க" என்றாள். குரல் ஆடியது.

"அய்யோ, நான் வேற ஞாபகப்படுத்திட்டேனா?"

"இல்ல, இருக்கட்டும். ஒரு நிமிஷம் இருங்க."

போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. எடுத்து மறுபடி போட்டாள். ஜன்னலுக்குப் போய் தெருவைப் பார்த்தாள். நெஞ்சு தொம் தொம் என்று அடித்துக்கொண்டது. கையை வைத்துப் பார்த்தாள். பல் ஊசியின் மரப்பு இறங்கும்போது முதலில் வருவது வலிதான் என்று மருத்துவமனையின் பல் பிரிவில் நோயாளிகளிடம் சொல்வார்கள். அவளுக்கு முதலில் வந்தது பயம். மேஜையில் அந்தப் பெண் "ஹலோ, ஹலோ, இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா திரும்பி வந்து போனை எடுத்து, "இருக்கேன்" என்றாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள்.